சுவரில் அந்த ஆணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி பழையபடிதான். மழைக்கு முன்னால் ரப்பர் மரங்களுக்கு பிளாஸ்டிக் ஒட்டி முடித்துவிட்டோம். மரச்சீனி பிடுங்கியதில் பாதியைப் பெருச்சாளி தின்றிருந்தது. சித்தி வீட்டுப் பசு சினை. வேறு விசேஷம் இல்லை.

போன் இருக்கும்போது அப்பா ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் வாய் திறப்பதற்குள் அம்மா பிடுங்கிவிடுகிறாள். மிச்சம் கிடைக்கிற நேரத்தில் நான் "சாப்பிட்டியா" என்பேன், நீ "ம்" என்பாய். முப்பது வருஷம் பஸ்ஸில் ஆயிரம் பேரிடம் பேசி டிக்கெட் கிழித்தவனுக்கு, பெற்ற பிள்ளையிடம் கேட்க அந்த ஒரு வார்த்தைதான் வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை வீடியோவில் வந்தாயே, பகல் பதினொரு மணி இருக்கும். கழுத்தில் ஆபீஸ் கார்டு இல்லை. கர்நாடகாவில் அன்றைக்கு என்ன லீவோ, எனக்குத் தெரியாது. அம்மா உன் முகம் வாடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கப் போகிறாரா? அடித்தால் நல்லதுதான், அந்த மூலையில் அப்போதே ஈரம் இருந்தது. பெயின்ட் அடிப்பதற்காக எல்லாம் கழற்றி வைத்திருக்கிறாய் என்றால் சரி. ஆணி மட்டும் தனியாக நின்றது.

அந்த ஆணி நான் அடித்தது. குழித்துறையில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஏறி உன்னைக் கொண்டுவிட வந்தோமே, மேல் பர்த்தில் கித்தாரை நோயாளி மாதிரிப் படுக்க வைத்துவிட்டு நீ அதன் கால்மாட்டில் சுருண்டு தூங்கினாய். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுக் கீழே போனார். பக்கத்து அறையில் சுத்தியல் இரவல் வாங்கி, அதன் தலையில் துவர்த்துத் துண்டைச் சுற்றி, சத்தம் வராமல் அடித்தேன். நீ வாசலில் காவல் நின்றாய். நம் இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு களவு அது ஒன்றுதான்.

ஒருவேளை கம்பி மாற்றக் கடையில் கொடுத்திருக்கிறாயோ? பெங்களூரில் கம்பி மாற்ற எவ்வளவு வாங்குகிறார்கள்? வீட்டிலேயே மாற்றலாமே. ஆறையும் ஒரேயடியாகத் தளர்த்தாதே, ஒவ்வொன்றாக மாற்று, கழுத்துக்கு நல்லது.

சோலியை விடாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதை நீ பிளஸ் டூ படிக்கும்போதே தேவைக்கு மேல் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் சோலி ஒன்று இருக்கிறது நல்லதுதான் மக்களே. உன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்வாயே, அதில் யாராவது சோலியை விட்டார்களா? அந்த மாட்டு டாக்டர் சுகமா? கன்று வெளியே வராமல் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு இழுத்துவிட்டு, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி நேரே வாசிக்க வருவார் என்றாயே. (அம்மா அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறாள். நான் கேட்கவில்லை.) ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தம்பி கதவோரமே உட்காருவான், கித்தார் பெட்டியை மூடவே மாட்டான், பாட்டின் நடுவில் போன் வந்தால் எழுந்து போய்விடுவான், மீதிப் பேர் அவன் இடத்தைக் காலியாக விட்டு வாசித்து முடிப்பார்கள் என்று சொன்னாய். அதைக் கேட்டு நான் அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை. உன்னிடம் சொன்னதில்லை.

எங்கள் காலத்திலும் அப்படித்தான். நம் சபைப் பாடகர் குழுவில் கித்தார் பிடித்த நாலு பேருக்கும் நாலு சோலி. டாப்பிங் மாமாவை உனக்குத் தெரியும். விடியுமுன்னே நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போவார். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும் இல்லையா. ஒன்பது மணி ஆராதனைக்கு வந்து, விரல்நுனியில் காய்ந்த பாலைத் தோல் மாதிரி உரித்துப் பெஞ்சுக்கு அடியில் போட்டுவிட்டுத்தான் கித்தாரைத் தொடுவார். கோயில்குட்டி பெருக்கும்போது திட்டுவார். தேன் மாமாவுக்கு வேறு கஷ்டம். இலை உதிர்ந்து ரப்பர் தளிர்க்கும்போது தளிர்க் காம்பில்தான் தேன் ஊறும், பூவில் இல்லை. அந்த மாதங்களில் மார்த்தாண்டத்துத் தேன்காரர் யாருக்கும் மூச்சுவிட நேரம் கிடையாது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து தபசு காலப் பாட்டுக்கெல்லாம் அவர் இடது கை கொட்டுப்பட்டு வீங்கியிருக்கும். இரண்டு விரலில் என்ன வருமோ அதை மட்டும் வாசிப்பார். கேட்கிறவர்களுக்கு அது லெந்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. கரண்ட் ஆபீஸ் அண்ணன், "மேல கெடக்குத கம்பி கொல்லும், இது கொல்லாதுல்லா" என்பார். அவர்தான் எங்களில் மோசமாக வாசிப்பவர். சந்தோஷமாக வாசித்தவரும் அவர்தான்.

நாலாவது ஆள் நான். கண்டக்டர். இடது கையில் டிக்கெட் கட்டு, விரல் இடுக்கில் நீளவாட்டில் மடித்த ரூபாய் நோட்டு. களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம். ஒரு நாளைக்கு இரண்டு நடை. 1956 நவம்பர் 1-ந் தேதி நம் தாலுகா தமிழ்நாட்டோடு வந்துவிட்டது என்று உன் தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் வண்டிக்குள் களியக்காவிளை தாண்டினால் நான் மலையாளத்தில் சில்லறை கேட்பேன், திரும்பி வரும்போது தமிழில் கேட்பேன். பாட்டும் அப்படித்தான். சபையில் தமிழ், அந்தப் பக்கம் உற்சவத்துக்கு கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரி.

மழை நன்றாகப் பெய்கிறது. அங்கே குளிரா? காதை மூடிக்கொள். இந்த மாதம் வாடகைக்கு வல்லதும் குறைந்தால் சொல்லு. போஸ்ட் ஆபீஸில் போட்ட ஆர்.டி. முதிர்ந்துவிட்டது, அது சும்மாதான் கிடக்கிறது. வீட்டுச் செலவுக்கு என் பென்ஷனே போதும்.

நீ எனக்கு வாட்ஸப்பில் ஒரு சேதி அனுப்பினாயே, டோனி அயோமி என்று. பர்மிங்காமில் இரும்புத் தகடு வெட்டுகிற ஃபேக்டரியில் வேலை. பதினேழு வயதில், வேலையை விடுகிற கடைசி நாளில், மெஷின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் கொண்டுபோய்விட்டது. இடங்கைக்காரன் என்பதால் வலது கைதான் அவனுக்குக் கம்பி அழுத்துகிற கை. போனதும் அதே கை. சோப்புப் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து, அதன் மேல் தோல் ஒட்டி வாசித்தான். (அந்த பேண்டின் பேர் பிளாக் சபாத் என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.) கீழே நீ ஒரு வரி எழுதியிருந்தாய், "அப்பா, இதைப் படியுங்கள்" என்று. படித்தேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. அப்பாவின் விரலைக் கிண்டல் செய்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா உன்னைத் திட்டினாளாம். நீ பதில் சொல்லவில்லையாம்.

அதற்கு முன்னே இன்னொருவரைப் பற்றியும் அனுப்பியிருந்தாய். பிரையன் மே. வானத்துத் தூசியைப் பற்றி ஆராய்ச்சி செய்து, பாதியில் விட்டு, குவீன் என்ற பேண்டோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, 2007-ல் திரும்பவும் போய் டாக்டர் பட்டம் வாங்கினாராம். எனக்கு அதில் பட்டம் பெரிதாகத் தெரியவில்லை. அவர் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். 1963-ல் மகனோடு உட்கார்ந்து, கணப்படுப்பின் பழைய மரத்தில் கழுத்துச் செதுக்கி, பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டு, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துப் பொத்தான்களை எடுத்துப் பதித்து, ஒரு கித்தார் செய்து கொடுத்திருக்கிறார். மகன் அதைத்தான் இன்றுவரைக்கும் வாசிக்கிறார். நான் உனக்குச் செய்ததும் ஒன்று உண்டு. பிளஸ் டூ பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது உன் கித்தாரைப் புகைக்கூட்டில், ரப்பர் ஷீட்டுகளுக்கு மேலே, பரணில் ஒளித்து வைத்தேன். எடுத்துக் கொடுக்கும்போது மேல்பலகை விரிந்திருந்தது. நீ அழவில்லை. ஆயிரத்து நூற்றைம்பது மார்க் வாங்கி வந்து காட்டினாய். நான் அதை டிப்போ முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பலகையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது உன்னிடம் சொன்னேன் இல்லையா: "எனக்கும் ஆசை இருந்தது, விரல் போச்சு, அதோட போச்சு. சோறு போடுவது சோலிதான்" என்று. அதை இப்போது சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

ஷீட் அடிக்கிற ரோலரில் என் மோதிரவிரல் நசுங்கியது 1999-ல். உனக்கு மூன்று வயது. நான் கித்தாரை விட்டது 1991-ல். நடுவில் எட்டு வருஷம் விரல் முழுசாகத்தான் இருந்தது. இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு விபத்து நடந்துவிட்டால் அதற்கு முன்னால் நடந்ததற்கும் அதையே காரணமாகச் சொல்லலாம், ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள்.

கித்தாரை விட்ட அந்த வருஷம் பாறசாலைக்கு அந்தப் பக்கம் ஒரு உற்சவம். கானமேளா ட்ரூப்பில் கித்தார்காரருக்குக் காய்ச்சல். என் வண்டியில் வழக்கமாக வரும் தபலாக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ட்ரூப்பின் எலக்ட்ரிக் கித்தார். அதுவரை நான் தொட்டதே இல்லை. சபையில் நமக்கு சி, ஜி, டி போதும். பாடுகிறவர்களும் அதற்குள்ளே பாடிக்கொள்வார்கள். அங்கே முதல் பாட்டுக்கே பாடகர் திரும்பி, "எஃப் ஷார்ப்" என்றார். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே போட்டு அழுத்த வேண்டும். இரண்டு பாட்டு சமாளித்தேன். மூன்றாவதில் விரல் செத்துப்போய் சுருதி மாறி ஒரு கார்டு விழுந்தது. முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் சிரித்தான். நடத்துகிறவர் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து, ஆள் பார்க்காதபடி கையைக் கீழே காட்டினார், குறை, குறை என்று. நான் வால்யூம் குமிழைத் திருப்பினேன். முழுசாகத் திருப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு விடியற்காலம் வரைக்கும், இருபது பாட்டுக்கு மேல் இருக்கும், சத்தமில்லாத கித்தாரை வாசித்துக்கொண்டு மேடையில் நின்றேன். தலையைக்கூட ஆட்டினேன். முடிந்ததும் முழுச் சம்பளம், நூற்றைம்பது ரூபாய், கவரில் போட்டுக் கொடுத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. முதல் வண்டியில் வந்தேன். கண்டக்டர் நம் டிப்போ ஆள். "நேத்து கலக்கிட்டியாமே" என்றான். ஆமா என்றேன். டிக்கெட் எடுக்கவா என்று கேட்டேன், வேண்டாம் என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோலி இருக்கிறது என்று சபைக்கு முன்னமே போய் முன்னமே வந்துவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறும். டியூட்டி, டியூட்டி என்று சொல்லியே எட்டு வருஷம் ஓட்டினேன். கரண்ட் ஆபீஸ் அண்ணன் எஃப் ஷார்ப்பே தெரியாமல் ரிட்டயர்டு ஆகும்வரை வாசித்தார். சோலி என்னைத் தடுத்தது என்று உனக்குச் சொன்னேனே, அது பொய் மக்களே. சோலி யாரையும் தடுக்கவில்லை. நான் சோலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஆகவே ஆபீஸில் வல்லதும் பிரச்சனை என்றால், அது ஒரு விஷயம். நடக்கிறதுதான், பெரிய பெரிய கம்பெனிகளிலேயே ஆளைக் குறைக்கிறார்கள், பேப்பரில் வருகிறது. இல்லை, நீயாகவே சோலியை விட்டாயா, அது வேறு விஷயம். அதற்கு நான் கத்துவேன், இரண்டு நாள் கத்துவேன், நீ போனை எடுக்காமல் இருந்துகொள். ஆனால் எங்கேயாவது மேடையில் எவனாவது கையைக் கீழே காட்டி, அதனால் அந்தச் சுவர் காலியானது என்றால், அதை என்னிடம் சொல்லு. அதை மட்டும் அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லு. விற்றுவிட்டாய் என்றால் எந்தக் கடை, என்ன விலை என்று எழுது. ஆர்.டி. பணம் சும்மாதான் கிடக்கிறது என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

பெயின்ட் அடிக்கத்தான் எடுத்து வைத்தாய் என்றால் இந்தக் கடுதாசியைக் கிழித்துப்போடு.

பக்கத்து வீட்டுத் தம்பி சனிக்கிழமை பெங்களூர் வருகிறான். அவனிடம் நேந்திரங்காய் சிப்ஸ், தேன் மாமா வீட்டுத் தேன் ஒரு குப்பி, அம்மா பொடித்த குழம்புப் பொடி கொடுத்து விடுகிறேன். தேன் குப்பியை நேராகவே வை, மூடி சரியில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அந்த நூற்றைம்பது ரூபாயில்தான் அம்மாவுக்கு அந்தப் பச்சைச் சேலை எடுத்தேன். மேடையில் வாசித்துச் சம்பாதித்தது என்று சொல்லித்தான் கொடுத்தேன். உனக்குத் தொட்டில் கட்டியதும் அதில்தான். இப்பவும் பீரோவில் மடித்து வைத்திருக்கிறாள். அவளிடம் எதுவும் சொல்லாதே.