விரல் நுனியில் ஒரு துளி

அன்புத் தோழிக்கு,

புது வேலை உனக்குப் பிடித்துப்போய்விட்டது என்று படித்தபோது மனம் நிறைந்தது. பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள். இருபத்தாறாவது வாரப் பரிசோதனையில் எனக்குக் கர்ப்பகால நீரிழிவு என்று தெரிந்தது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, மூன்று முறை இரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 92-க்குக் கீழே இருக்க வேண்டுமாம். எனக்கு 97.

இரண்டு நாள் அழுதேன். கண்டதைத் தின்று நானே வரவழைத்துக்கொண்டேன் என்ற குற்ற உணர்வு. பார்க்க வந்தவர்களும் "இனிப்பைக் குறைத்திருக்கலாமே" என்றார்கள். மருத்துவர் விளக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினைச் சரியாக வேலைசெய்ய விடுவதில்லை. குழந்தைக்குச் சத்து தட்டாமல் போய்ச் சேர உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இப்படித்தான். பெரும்பாலானவர்களுக்குக் கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது. என் கணையத்தால் முடியவில்லை. இதில் யார் மீது பழி போடுவது?

இப்போது தினமும் நான்கு முறை விரலில் குத்திக்கொள்கிறேன். நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. காலையில் எழுந்ததும் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே என்பது எனக்குக் கொடுத்திருக்கும் இலக்கு. ஒரு நாள் மீட்டர் 190 என்று காட்டியதும் உடம்பெல்லாம் நடுங்கியது. பழம் நறுக்கிய கையோடு குத்தியிருக்கிறேன்! சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டுப் பார்த்தால் 118.

குறிப்பேட்டில் எழுத எழுத என் உடம்பு எனக்குப் புரிபடத் தொடங்கியது. மதியம் ஒன்றும் செய்யாத அதே அளவு மாவுச்சத்து, காலையில் சாப்பிட்டால் எகிறுகிறது. காலைச் சாப்பாட்டில் அதைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினேன். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடப்பது இவ்வளவு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை. தசைகள் அசைந்தால் அவையே சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. பயத்தில் ஆரம்பத்தில் பாதி வயிறு சாப்பிட்டேன்; உணவியல் நிபுணர் கண்டித்தார். பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும், குழந்தைக்கு அதுவும் நல்லதல்ல என்றார். இப்போது மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் சிறு தீனி.

இவ்வளவு செய்தும் காலை அளவு மட்டும் அடங்கவில்லை. 99, 101, 98. இரவில் கல்லீரல் தானாக விடுவிக்கும் சர்க்கரை அது. நாம் என்ன சாப்பிட்டோம் என்பதை அது அதிகம் பொருட்படுத்துவதில்லை. படுக்கும் முன் இன்சுலின் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தோற்றுவிட்டதாக நினைத்தேன், தோழி. ஆனால் கேட்டுப் பார்: சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போகிறது, ஊசியில் போடும் இன்சுலின் அப்படிப் போவதில்லை. என் சர்க்கரை ஏறினால் குழந்தை தன் சின்னக் கணையத்தை வருத்திக் கூடுதல் இன்சுலினைச் சுரக்க வேண்டும், அளவுக்கு மீறிக் கொழுக்க வேண்டும். அந்தச் சுமையை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று தெரிந்த பின் ஊசி உறுத்தவில்லை. நேற்றுக் காலை 88. கணவரை எழுப்பிக் காட்டினேன்.

பிரசவமானதும் பெரும்பாலும் இது போய்விடும். என்றாலும் நான்கிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடியும் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு என்னைப் போன்றவர்களுக்கு அதிகம் என்பதால், அதன் பிறகும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கைக்குழந்தையோடு அலையும்போது நான் மறந்துவிடக்கூடும். நீ நினைவுபடுத்து.

ஒன்றை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தையின் குதிகாலில் குத்தி, சர்க்கரை தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். என் விரல்கள் பழகிவிட்டன; அந்தக் குதிகாலுக்கு ஒன்றும் தெரியாதே. பிறந்தவுடன் மார்போடு அணைத்துப் பால் கொடுத்தால் சர்க்கரை தாழாமல் இருக்க உதவும் என்கிறார்கள். அதற்காகக் காத்திருக்கிறேன். இன்னும் ஏழு வாரம். அந்தச் சமயத்தில் உனக்கு விடுப்புக் கிடைக்குமா என்று எழுது.

அன்புடன்,
உன் தோழி