பெப்பர் ஸ்பிரே வைத்திருப்பது குற்றமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

மயிலாடுதுறையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கல்லூரி மாணவிகளும், கும்பகோணம், தஞ்சாவூர் என்று வேலைக்குப் போய் கடைசி பஸ்ஸில் திரும்பும் பெண்களும் பெப்பர் ஸ்பிரே கேட்டு வருகிறார்கள். கள்ளச்சரக்கு கேட்பதுபோல் குரல் தாழ்ந்துவிடுகிறது. "பையில் வச்சிருந்தா போலீஸ் பிடிக்குமாண்ணே?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

பிடிக்காது. துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கேட்கும் லைசென்ஸ் இதற்குத் தேவையில்லை. திருச்சி விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் 2024 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்ன ஒரு கருத்து. பெப்பர் ஸ்பிரே ஆபத்தான ஆயுதம் என்று அங்கே சொல்லப்பட்டது உண்மை. ஆனால் அது இருட்டுத் தெருவில் மாட்டிக்கொண்ட பெண்ணின் வழக்கு அல்ல. சொத்துத் தகராறில் காவலாளி மீது ஸ்பிரே அடித்த விவகாரம். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத இடத்தில் தற்காப்பு என்று சொல்ல முடியாது என்பதுதான் நீதிமன்றம் சொன்னது. இதைத் தடை என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், என் கடைப் பையன் உட்பட.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37ஆம் பிரிவு. அதாவது, மேலே பாய்பவன் முகத்தில் ஸ்பிரே அடிக்கலாம். அவன் ஓடத் தொடங்கிய பிறகு துரத்திப் போய் அடித்தால் வழக்கு நம் பக்கம் திரும்பும். பஸ்ஸில் சீட்டுச் சண்டைக்கு எடுத்தாலும் அதே கதிதான்.

என் குறை வேறு. நான் விற்கும் டப்பாவில் இருப்பதெல்லாம் பொடி எழுத்து ஆங்கிலம். மூடியின் பூட்டை எப்படித் திருப்புவது, காலாவதி தேதி எங்கே இருக்கிறது, எதுவும் தமிழில் இல்லை. ஆடி மாதம் காவிரிக்கரையில் காற்றின் திசை பார்க்காமல் அழுத்தினால் நம் கண்ணுக்கே வந்து சேரும். அப்போது கண்ணைக் கசக்காமல் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இதையும் நான்தான் வாயால் சொல்லி அனுப்புகிறேன்.

கல்லூரிகளுக்கு வந்து காவல் உதவி செயலி, பெண்களுக்கான 181 உதவி எண் பற்றியெல்லாம் பேசும் காவல்துறையினர் இதையும் சேர்த்துச் சொல்லலாமே? ஒரே ஒரு பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் கடை வாசலில் ஒட்ட நான் தயார்.

மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
மயிலாடுதுறை.