வாரியத்திலிருந்து விலகிவிட்டு வேட்புமனு கொடுங்கள்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணே.

நம் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்தில் இருக்கும் நீங்கள் வரும் பொதுத்தேர்தலில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியில் நிற்கப் போகிறீர்கள் என்பது உறுதியாகிவிட்டது. சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் இதே பேச்சு. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். தோட்டப் பள்ளியின் கூரை ஒழுகும்போது வாளி வைத்த ஒருவர் மக்களவைக்குப் போவது நல்லதுதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். வேட்புமனுத் தாக்கலுக்கு முன் வாரியத்திலிருந்து விலகிவிடுங்கள். நேரில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் உழைப்பை யாரும் மறக்கவில்லை. புயல்மழையில் சிற்றுண்டிச்சாலைத் தகரம் பிய்த்துக்கொண்டு போனபோது, யாரிடமும் அனுமதிக் கடிதத்துக்குக் காத்திராமல் லோரி பிடித்துத் தகரம் ஏற்றி வந்தீர்கள். பாலர் பள்ளிக்குப் பிள்ளை சேர்க்கத் தாமான் தாமானாக, குடியிருப்பு குடியிருப்பாக ஏறி இறங்கினீர்கள். தோட்டத்தில் நம் ஆட்கள் குறைந்து, தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகள் காலியாகி, பெற்றோர் பலர் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்ட பிறகும் வேன் பிடித்துப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் அதில் நீங்கள் நடந்த நடை நிறைய இருக்கிறது. ஆனாலும் 150 பேருக்குக் குறைவாகப் படிக்கும் சிறிய பள்ளிகளின் பட்டியலில்தான் நாம் இன்னும் இருக்கிறோம். பத்துக் குடும்பங்கள் மனம் கசந்து பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினால் நம்மால் தாங்க முடியாது. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

நம் பெற்றோரில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். இதுவரை கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலை என்றால் ஞாயிறு காலையில் எல்லாரும் பாராங் கத்தியும் துடைப்பமுமாக வந்து நிற்பார்கள். சென்ற முறை பள்ளி வேலியில் உங்கள் படம் போட்ட பதாகை தொங்கியது. நீங்கள் கட்டச் சொல்லவில்லை, உங்கள் ஆட்கள் ஆர்வத்தில் கட்டியது என்று தெரியும். ஆனால் வேறொரு கட்சிக் கிளையில் இருக்கும் ஓர் அம்மா வாசல்வரை வந்து, அதைப் பார்த்துவிட்டு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அவர் வருடா வருடம் அறுபது பேருக்கு மீகூன் பிரட்டித் தருகிறவர். அன்று யாரும் அவரைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை.

அப்புறம், நம் பள்ளி வாக்களிப்பு மையமாகவும் இருக்கிறது. வேட்பாளர் ஒருவர் அந்தப் பள்ளியின் வாரியத்திலேயே உட்கார்ந்திருந்தால், நீங்கள் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் பேச்சு வரும். 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம் நாடாளுமன்ற வேட்பாளரின் செலவுக்கு 2 லட்சம் ரிங்கிட் என்று வரம்பு வைத்திருக்கிறது. வாக்குக்காகப் பணமோ விருந்தோ கொடுப்பதையும் அதே சட்டம் குற்றம் என்கிறது. பிரச்சார நாட்களில் நீங்கள் வழக்கம்போல நல்ல மனதோடு பள்ளிக்கு ஒரு நீர்த்தொட்டி வாங்கிக் கொடுத்தால்கூட, அது தானமா தேர்தல் செலவா என்று நாளை எவரும் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தலைமையாசிரியரும் நிற்பார். அவர் அரசு ஊழியர். அவரை அந்த நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி மாலை கொடுக்க வைக்கும் வரவேற்பும் வேண்டாம்.

சரி, மக்களவைக்குப் போய் என்ன செய்ய வேண்டும்? ஒதுக்கீடு கொண்டுவருவேன் என்று மேடையில் சொல்லாதீர்கள். தொகுதி ஒதுக்கீடு நீங்கள் எந்தப் பக்கம் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். நம் பள்ளிக்கு வேண்டியது நிலம்.

ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் முதலாளி பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படித்தான் லயத்துக் கோடியிலும் கோயில் பக்கத்திலும் பள்ளிகள் எழும்பின. கட்டடம் வந்தது, வாத்தியார் வந்தார், நிலம் மட்டும் தோட்டத்தின் பெயரிலேயே இருந்துவிட்டது. சுதந்திரத்தின்போது எண்ணூறுக்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டம் கைமாறியபோதும் துண்டாடப்பட்டபோதும் ரப்பர் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோதும் ஆட்கள் கலைந்தார்கள், பள்ளிகள் மூடப்பட்டன அல்லது இணைக்கப்பட்டன. எஞ்சியவற்றில் நம்மைப் போன்ற பல, பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. புதுக் கட்டடம் கேட்டால், தனியார் நிலத்தில் எப்படிக் கட்டுவது என்கிறார்கள்.

இதில் உள்ள சிக்கல் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வி கூட்டரசின், அதாவது மத்திய அரசின் கையில், நிலம் மாநிலத்தின் கையில். ஈப்போவில் மாநில அரசிடம் கேட்டால் புத்ராஜெயாவைக் காட்டுகிறார்கள், புத்ராஜெயாவில் கூட்டரசிடம் கேட்டால் ஈப்போவைக் காட்டுகிறார்கள், இரண்டு இடத்திலும் தோட்ட நிறுவனத்திடம் பேசினீர்களா என்கிறார்கள். பொதுத் தேவைக்காக நிலத்தை எடுக்க 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. சாலைக்கும் அணைக்கும் பயன்படுகிற சட்டம் பள்ளிக்கும் பயன்படலாம். இழப்பீட்டுப் பணத்தைக் கூட்டரசு கொடுக்கட்டும், நிலத்தை மாநிலம் எடுத்துப் பள்ளிக்கென்று ஒதுக்கட்டும். பேராக்கில் எந்தெந்தத் தமிழ்ப்பள்ளி இன்னும் தோட்ட நிலத்தில் நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் பட்டா எந்த ஆண்டுக்குள் கிடைக்கும் என்று கல்வி அமைச்சரிடம் எழுத்துப்பூர்வமான பதில் கேளுங்கள். உங்கள் முதல் கூட்டத்தொடரிலேயே கேளுங்கள்.

நிலம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதை இந்தத் தொகுதியில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, 1960-இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பணத்திலேயே தோட்டம் வாங்க வைத்தவர் துன் சம்பந்தன். அவர் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவருக்குப் பின் 1974 முதல் டத்தோ ஶ்ரீ சாமிவேலு. இத்தனை ஆண்டு தேர்ந்தெடுத்த மக்களே 2008-இல் அவரைத் தோற்கடித்து டாக்டர் ஜெயக்குமாரை அனுப்பினார்கள். இங்குள்ளவர்கள் பொறுத்துப் பார்ப்பார்கள், ஆனால் கணக்கு வைத்திருப்பார்கள். 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர்கள் ஆகிவிடுகிறார்கள். நீங்கள் பாலர் பள்ளியில் சேர்த்துவிட்ட பிள்ளைகள் சிலர் இப்போது அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பள்ளியில் உங்களை எப்படிப் பார்த்தார்களோ அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

கடைசியாக, அந்தக் கோப்பு. நிலம் பற்றி நிறுவனத்துக்கும் நில அலுவலகத்துக்கும் கல்வி இலாகாவுக்கும் எழுதிய கடிதங்கள், வந்த பதில்கள் எல்லாம் அடங்கிய நீலக் கோப்பு உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒருமுறை எனக்குக் காட்டினீர்கள். அதற்குள் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த பழைய அளவை வரைபடம் ஒன்று, பள்ளி நிற்கும் இடத்தைச் சுற்றி சிவப்புப் பென்சிலால் கட்டம் போட்டிருந்தது. பல கடிதங்களுக்கு வேறு நகல் இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். நீங்கள் ஜெயித்தால் கோலாலம்பூருக்கும் தொகுதிக்குமாக அலைவீர்கள், தோற்றால் எல்லாவற்றிலும் வெறுப்பு வரலாம். இரண்டில் எது நடந்தாலும் அந்தக் காகிதங்கள் பள்ளியில் இருக்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் நெருங்குகிறது. விலகல் கடிதத்தையும் அந்தக் கோப்பையும் அன்று கொண்டு வாருங்கள். எல்லார் முன்னிலையிலும் தலைமையாசிரியரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முழுவதையும் நகல் எடுத்து ஒரு பிரதி உங்களுக்குத் தந்துவிடுகிறோம், மக்களவையில் பேச உங்களுக்கும் தேவைப்படும். அதற்கான செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

அன்புடன்,
ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய்,
சுங்கை சிப்புட்