வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பில்லில் எது ஏறும், எது ஏறாது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தண்ணீர் வடிந்து பத்து நாளாகிறது. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. வாசலில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே பழுதுபார்க்க வந்த மோட்டார்களையும் ஃபிரிட்ஜ்களையும் வாஷிங் மெஷின்களையும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு எண். அந்த எண்ணை வாங்கிக்கொண்டு போகும்போது உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "போன மாதம் இதே வேலைக்கு வாங்கியதைவிட இப்போது ஏன் அதிகம் சொல்கிறீர்கள்?" சிலர் கோபமாகவே கேட்டீர்கள். சிலர் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். பத்துப் பேர் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பியது எங்களுக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறோம்.

முதலில் ஏறாததைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் கூலி ஏறவில்லை, ஏறாது. வெள்ளத்துக்கு முன்பு ஒரு மணி நேர வேலைக்கு என்ன கூலியோ அதேதான் இப்போதும். வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கான கட்டணமும் பழையதே. 'அவசரக் கட்டணம்' என்று ஒன்று எங்கள் பில்லில் இருந்தால் அதை நீங்கள் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் பில் ஏன் கூடுகிறது? இரண்டு காரணம். அவற்றைத் தனித்தனியாகச் சொன்னால்தான் புரியும்.

ஒன்று, வேலையே கூடிவிட்டது. சாதாரண நாளில் தண்ணீர் மோட்டார் ஒன்று வந்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது பேரிங் சத்தம் போடும். ஒரு மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடலாம். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் அப்படி இல்லை. நேற்று ஒன்றைப் பிரித்தோம். மூடியைக் கழற்றியதுமே களிமண் வாடை. பேரிங்குக்குள் கிரீஸும் வண்டலும் கலந்து சாம்பல் நிறக் களியாக இறுகியிருந்தது. விரலால் சுற்றினால் நெறுநெறுவென்று மணல் அரைபடுகிறது. வைண்டிங்கின், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளின், இண்டு இடுக்கெல்லாம் சேறு. கரண்ட் கசியாமல் பூச்சு தாங்குகிறதா என்று அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தால் முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. செம்புக் கம்பியின் மேலுள்ள பூச்சு ஈரத்தில் ஊறி, கரண்ட் மோட்டாரின் உடம்புக்குக் கசியும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஸ்விட்சைப் போட்டிருந்தால் வைண்டிங் மொத்தமும் கருகியிருக்கும். தொட்டவருக்கு ஷாக்கும் அடித்திருக்கும்.

அதை நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவினோம். பிறகு சூடேற்றும் பெட்டியில் வைத்தோம். சூடு 90 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பூச்சே கெட்டுவிடும். ஆகவே அவசரப்பட வழியில்லை. இன்று காலையில் மெக்கர் 2 மெகா ஓம் காட்டியது. 5க்குக் கீழே உள்ள எதையும் கடையை விட்டு வெளியே விடமாட்டோம், அதனால் மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது. நன்றாகக் காய்ந்த பின் வார்னிஷ், புது பேரிங், புது ஆயில் சீல், புது கெப்பாசிட்டர். பெட்டிக்குள் காயும் நேரத்துக்குக் கூலி கிடையாது. பிரிப்பது, கழுவுவது, துடைப்பது, திரும்பத் திரும்பச் சோதிப்பது, பூட்டுவது என்று ஆள் நின்று செய்த மணிகளுக்கு மட்டும்தான் கூலி. அதுவே சாதாரண வேலையைவிட மூன்று நான்கு மடங்கு. ஒரு மணி நேரத்துக்கான கூலி மாறவில்லை, மணிகள் மாறிவிட்டன.

இரண்டாவது, உதிரிப்பாகம். ஒரே வாரத்தில் எல்லாக் கடைகளும் அதே அளவு பேரிங்கை, அதே கெப்பாசிட்டரை, அதே செம்புக் கம்பியைக் கேட்கும்போது அதற்குத் தட்டுப்பாடு வரத்தான் செய்யும். பாதை அடைபட்டு லாரி சுற்றி வருகிறது, வாடகை கூடுகிறது. சில மொத்த வியாபாரிகளின் குடோனே மூழ்கிப்போனது. இயற்கைச் சீற்றத்துக்குப் பிறகு கட்டுமானப் பொருளும் கூலியும் இப்படித் திடீரென்று ஏறுவதற்கு 'டிமாண்ட் சர்ஜ்' என்று காப்பீட்டு நிறுவனங்களிடம் தனிப் பெயரே இருக்கிறது. அந்த அளவுக்கு இது எங்கும் நடப்பது. இந்த உயர்வை எங்களால் தடுக்க முடியாது. ஆனால் மறைக்காமல் இருக்க முடியும். இனிமேல் ஒவ்வொரு பாகத்துக்கும் நாங்கள் வாங்கிய பில்லை நீங்கள் கேட்டால் காட்டுவோம். கழற்றிய பழைய பாகங்களையும் பையில் போட்டு உங்களிடமே தந்துவிடுவோம்.

இந்த இடத்தில் ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். முந்தைய வெள்ளத்தின்போது நாங்கள் ஒரு தவறு செய்தோம். செம்புக் கம்பி கொடுக்கும் வியாபாரி ஒருவர் ஒரே இரவில் விலையை இரட்டிப்பாக்கினார். வேறு வழியில்லாமல் வாங்கினோம். வழக்கமாகப் பாகங்களின் மேல் நாங்கள் வைக்கும் லாபம் சதவீதக் கணக்கு. அதே சதவீதத்தை அந்த இரட்டிப்பு விலையின் மேலும் போட்டோம். எங்களுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை, எப்போதும் போடும் கணக்குதானே என்று இருந்தோம். பில்லை வாங்கிய ஒரு அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அவர் விலையை ஏற்றினார், சரி. உங்கள் லாபமும் சேர்ந்து இரட்டிப்பாகியிருக்கிறதே, அது ஏன்?" எங்களிடம் பதில் இல்லை. 'எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்' என்பார்கள். நினைத்துச் செய்யாவிட்டாலும் நாங்கள் செய்தது அதுதான். அன்றிலிருந்து கணக்கை மாற்றிவிட்டோம். ஒரு பேரிங்குக்கு வெள்ளத்துக்கு முன் எவ்வளவு தொகை லாபம் வைத்தோமோ, பேரிங் என்ன விலைக்கு வந்தாலும் அதே தொகைதான். வெள்ளத்துக்கு முன்பே வாங்கி அலமாரியில் இருந்த சரக்குக்குப் பழைய விலைதான்.

பேரிடர்க் காலத்து விலையைப் பற்றிச் சில இடங்களில் சட்டமே உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அவசரநிலை அறிவித்துவிட்டால், அத்தியாவசியப் பொருள்களுக்கு முந்தைய விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. பழுதுபார்ப்பு, சுத்தம் செய்தல் போன்ற வேலைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு 180 நாள் வரை நீளும். வெள்ளம் வந்த வாரத்தில் மட்டுமல்ல, அதற்குப் பின் வரும் மாதங்களிலும் மக்கள் அகப்பட்டுக்கொள்வார்கள் என்பதைப் புரிந்து எழுதிய சட்டம். தனக்கே சரக்கும் கூலியும் கூடியதை வியாபாரி நிரூபித்தால் அந்த அளவுக்கு ஏற்ற இடமும் கொடுத்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் பேரிடருக்கு முந்தைய 30 நாளின் சராசரி விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2004 ஆகஸ்டில் சார்லி புயல் அங்கே அடித்தபோது ஜெனரேட்டருக்கும் ஐஸுக்கும் கூரையில் விழுந்த மரத்தை அகற்றுவதற்கும் கேட்ட விலையைப் பார்த்து 2,000க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. இந்தச் சட்டங்கள் பார்ப்பதும் அந்த அம்மா கேட்டதும் ஒன்றே: உனக்கு ஏறியது எவ்வளவு, நீ ஏற்றியது எவ்வளவு?

விலை ஏறட்டும், ஏறினால்தான் வெளியூரிலிருந்து சரக்கு ஓடி வரும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பொருளாதாரம் படித்தவர்களே சொல்கிறார்கள். ஜெனரேட்டருக்கு அது ஓரளவு பொருந்தலாம். நல்ல விலை கிடைக்கும் என்றால் ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். ஆனால் எங்கள் கடைக்குப் பொருந்தாது. எங்களிடம் வைண்டிங் கட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர். கூலியை இரட்டிப்பாக்கினால் அவர்கள் ஆறு பேர் ஆகிவிட மாட்டார்கள். ஒருவருக்கு வீடே மூழ்கிவிட்டது. காலையில் தன் வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு மதியம்தான் வேலைக்கு வருகிறார். இந்த நிலையில் விலையை ஏற்றினால் மாறுவது ஒன்றுதான்: யார் வரிசையில் முன்னால் நிற்பது என்பது. பணம் உள்ளவர் முன்னால் போவார், இல்லாதவர் பின்னால் போவார். வேலை ஒரு துளிகூட அதிகம் நடக்காது.

ஆக, வரிசையை நாங்கள் வேறு விதமாகப் போட்டிருக்கிறோம். மருந்து, மூச்சு சம்பந்தப்பட்டவை முதலில். ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர், நெபுலைசர், இன்சுலின் வைத்திருக்கும் வீட்டின் ஃபிரிட்ஜ். அடுத்து குடிதண்ணீர் ஏற்றும் மோட்டார். அதிலும் பல குடும்பங்களுக்குப் பொதுவானது முன்னால். மற்றவை சீட்டு எண்படி. இரண்டு மடங்கு தருகிறேன், முதலில் முடித்துக் கொடுங்கள் என்று இந்த வாரம் சிலர் கேட்டார்கள். அவர்கள் அவசரம் புரிகிறது. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டோம். உங்கள் முறை தள்ளிப்போனால் நாங்களே போன் செய்து சொல்வோம்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். எல்லாவற்றையும் பழுதுபார்க்க வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு வாடிக்கையாளரின் பணம் அதிகம் வீணாவது விலையேற்றத்தில்கூட இல்லை, காப்பாற்ற முடியாத பொருளைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வாங்கும் கூலியில்தான் என்பது எங்கள் அனுபவம். தண்ணீரில் மூழ்கிய எம்.சி.பி.யை (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கழுவி மாட்டித் தருவதாக யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே வண்டல் தங்கியிருக்கும். விழ வேண்டிய நேரத்தில் விழாது, அப்புறம் அது இருந்தும் இல்லாதது போலத்தான். அதைப் புதிதாக மாற்றுவது ஒன்றே வழி. முழுக்க மூழ்கிய ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் பல நேரம் பிழைத்துக்கொள்ளும், ஓடவும் செய்யும். ஆனால் சுவருக்குள் இருக்கும் ஃபோம் சாக்கடைத் தண்ணீரைக் குடித்திருந்தால் அது காயாது, பூஞ்சை பிடிக்கும். அதில் சாப்பாட்டை வைக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. வாஷிங் மெஷினின் எலக்ட்ரானிக் போர்டைக் கழுவி ஓட வைக்கலாம். இரண்டு மாதத்தில் அரிப்பு வந்து நின்றுபோனால் ஆச்சரியமில்லை. ஆகவே போர்டு கழுவும் வேலைக்கு நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை, அதை முன்கூட்டியே சீட்டில் எழுதிவிடுகிறோம். பார்த்துவிட்டு 'இதற்குச் செலவு செய்யாதீர்கள்' என்று நாங்கள் திருப்பி அனுப்பும் பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

காப்பீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பொருளை எங்களிடம் கொண்டுவரும் முன் போட்டோ எடுத்து வையுங்கள். தண்ணீர் நின்ற மட்டம் சுவரில் கோடாகத் தெரியும், அதையும் சேர்த்து எடுங்கள். காப்பீட்டுக்காரர் வந்து பார்க்கும் வரை பிரிக்க வேண்டாம் என்றால் சீட்டில் எழுதுங்கள், தொடமாட்டோம்.

வீடு வீடாக வந்து முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்பவர்களிடம் கவனமாக இருங்கள். எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. வெளியூரிலிருந்து உதவிக்கு வந்த நல்ல மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல வேலைக்காரர், என்ன வேலை, எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுக்கத் தயங்கமாட்டார். பாகம் வாங்கும் அளவுக்கு முன்பணம் கேட்டால் சரி. மொத்தத்தையும் கேட்டால், இன்றே முடிவு சொல்ல வேண்டும் என்று நெருக்கினால், கதவைச் சாத்திவிட்டு வேறு ஒருவரையும் கேளுங்கள். எங்களைத்தான் கேட்க வேண்டும் என்பதில்லை.

கடைசியாக, எங்கள் பக்கம் சரிசெய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வெள்ளம் வடிந்த முதல் மூன்று நாளில் கடையில் இருந்த குழப்பத்தில், அலமாரியிலிருந்த பழைய சரக்குப் பேரிங்குகள் சிலவற்றுக்குப் புது விலை போட்டுப் பில் கொடுத்திருக்கிறோம். கணக்கைச் சரிபார்த்தபோது நேற்று இரவுதான் தெரிந்தது. பதினோரு பில்கள். போன் எண் இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டோம். அந்த நாட்களில் பழுதுபார்த்த மோட்டாரை வாங்கிப்போன மற்றவர்கள் பில்லை எடுத்துக்கொண்டு வாருங்கள். பில் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, எங்கள் நகல் இருக்கிறது. வித்தியாசத் தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்