கட்டிங் என்று சொல்லி விதைக் கன்றுகளை விற்றது குறித்துப் புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாற்றங்காலில் குளிர் தாங்கும் சாமந்திக் கன்றுகள் வாங்கினேன். செம்பு நிறம், அடுக்குப் பூ, தாய்ச்செடியின் கட்டிங் என்று அட்டையில் அச்சிட்டிருந்தீர்கள். பூத்த பிறகு பார்த்தால் ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்று ரோஸ், மற்றதெல்லாம் ஒற்றை அடுக்கு. பெயருக்கு ஒரு செடியில்கூடச் செம்பு நிறம் இல்லை.

போனில் சொன்னேன், போட்டோ கேட்டார்கள். அனுப்பினேன். மறுபடி அதே போட்டோவைக் கேட்டார்கள். அப்புறம் நேரில் வரச் சொன்னார்கள். ஒரு செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். செடி பார்க்கிறவர் அன்று லீவாம்! கவுன்ட்டரில் இருந்தவர் துணியைப் பிரிக்கக்கூட விடவில்லை. "விதையில வந்தா என்ன, கட்டிங்ல வந்தா என்ன? பூத்துச்சுல்ல, கிளம்புங்க" என்றார், அத்தனை பேர் முன்னால்.

சாமந்தி விற்கிறவர் பேசுகிற பேச்சா இது? சாமந்தி பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறு ரகத்தின் மகரந்தம் பட்டால்தான் விதை பிடிக்கும். அந்த விதையில் முளைப்பது ஒவ்வொன்றும் ஒரு புதுக் கலப்பு. புது நிறம் தேடி விதை போடுவது வேறு, நானும் போடுவேன். ரகத்தின் பெயர் சொல்லி விற்பதென்றால், தூரில் கிளம்பும் தளிரை விரல் நீளத்துக்கு நறுக்கித்தான் வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விட்டுவிடும். அதற்குக்கூடவா உங்களுக்குப் பொறுமை இல்லை?

அந்தத் துணியைப் பிரித்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். கட்டிங் என்றால் அடியில் வெட்டுவாய் இருக்கும், வேர் அங்கிருந்து கொத்தாகக் கிளம்பும். இதில் வெட்டிய தடமே இல்லை. தண்டு அப்படியே ஆணிவேராக இறங்குகிறது.

இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். அதனால் நான் ஏமாந்தது தெரியவே ஒரு பருவம் போய்விட்டது. நுனி கிள்ளி, தண்ணீர் ஊற்றி வளர்த்ததெல்லாம் வீண். என் தோட்டமே பாழாகிவிட்டது.

தயவுசெய்து பணத்தைத் திருப்பித் தாருங்கள். தாய்ச்செடி உண்மையிலேயே உங்களிடம் இருந்தால், வெள்ளைத் துரு நோய் இல்லாத கட்டிங்குகளை வசந்தத்தில் அனுப்பிவையுங்கள். கவுன்ட்டரில் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை நான் விடுவதாக இல்லை. பத்து நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அட்டை, ரசீது, போட்டோ எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்