வாங்க முன் ஒரு பக்கம் செய்து பார்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து ரெண்டு கிழமையாகிறது, பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதே. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது என்று வாசித்தபோதுதான் எனக்கும் மூச்சு வந்தது. இங்கே வாடை தொடங்கிவிட்டது. பின்னேரத்தில் கடற்கரைப் பக்கம் போக முடியவில்லை. கோட்டைப் பக்கத்து மான்கள் மட்டும் மழையையும் பாராமல் றோட்டில் நிற்கின்றன.

ஒன்லைன் பயிற்சிநெறி செய்யும் மென்பொருளில் ஸ்டோரிலைன் வாங்குவதா, கேப்டிவேட் வாங்குவதா என்று உன் அலுவலகத்தில் வாக்குவாதம் நடப்பதாக எழுதியிருந்தாய். வாங்க முன் ஒரு காரியம் செய். உங்கள் பாடத்தில் ஒரே ஒரு பக்கத்தை, எழுத்து அதிகமுள்ள பக்கமாகப் பார்த்து, இலவசப் பரீட்சார்த்தக் காலத்திலேயே செய்து, படிக்கப் போகிறவரின் போனில் திறந்து பார். உன் மடிக்கணினியில் பார்ப்பது கணக்கில் வராது.

நாங்கள் அதைச் செய்யாமல் பட்ட பாட்டைக் கேள். முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சியை பவர்பொயின்டில் ஏற்கெனவே வைத்திருந்தோம், முழுக்கப் பாமினி எழுத்துருவில். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு. அதை அப்படியே மென்பொருளுக்குள் ஏற்றிவிட்டோம். எங்கள் கொம்பியூட்டர்களில் எழுத்துரு இருந்ததால் எல்லாம் வடிவாகத் தெரிந்தது. மூதூரில் ஒரு ரீச்சர் தன் போனைத் திறந்து என்னிடம் நீட்டினார். "தமிழ்" என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்து, பின்னால் ஓர் அரைப்புள்ளி. பக்கம் முழுக்க அப்படித்தான். "சேர், இது எந்தப் பாஷை?" என்று உண்மையாகவே கேட்டார். திரும்பி வந்து அத்தனையையும், எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றி, மாற்றும் மென்பொருளில் பிசகியதைக் கையால் திருத்த ஒன்பது நாள் போனது.

அடுத்தது எழுத்தின் அளவு. ஸ்டோரிலைனில் பக்கம் ஒரு ஸ்லைட் மாதிரி. அகலமும் உயரமும் மாறாது. போனை நிமிர்த்திப் பிடித்தால் முழுப்பக்கமும் சுருங்கி, தமிழ் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். அதே நிறுவனத்தின் ரைஸ் என்ற மென்பொருள் அப்படியல்ல, திரைக்கு ஏற்றபடி தானே அடுக்கிக்கொள்ளும். வாசிக்கவேண்டிய பாடமென்றால் ரைஸ் போதும். காய்ச்சலோடு பிள்ளை வருகிறது, தாய் வேலைக்குப் போய்விட்டாள், இப்போது என்ன செய்வாய் என்று கேட்டு, விடைக்கேற்ப வேறு வேறு வழியில் கூட்டிப்போக 'இதை அழுத்தினால் இது நடக்கட்டும்' என்று கட்டளை வைக்கும் ஸ்டோரிலைனின் ட்ரிகர்கள்தான் கைகொடுத்தன. ரைஸும் ஸ்டோரிலைனும் ஆர்ட்டிகுலேட் 360 என்ற ஒரே வருடச் சந்தாவில் வருகின்றன என்பதையும் மேலதிகாரிக்குச் சொல்.

காசில்லை என்றால் மனம் விடாதே. பாடத்துக்குள் கேள்வியும் பயிற்சியும் வைக்கும் எச்5பி என்ற கருவி இலவசம். பாடங்களை ஏற்றி நடத்தும் தளமான மூடிலில் அது 2019 முதல் உள்ளேயே இருக்கிறது. வீடியோவை இடையில் நிறுத்திக் கேள்வி கேட்பது, இழுத்துப் பொருத்துவது எல்லாம் அதில் செய்யலாம். எங்கள் பாடத்தில் பாதிக்கு அதுவே போதுமாயிருந்தது. அதை முதலே தெரிந்துகொள்ளாததில் எனக்கு இன்றைக்கும் கவலை.

இன்னொன்று, இதைக் கவனமாக வாசி. பாடமும் மூடில் போன்ற தளமும் தகவல் பரிமாறும் தரத்துக்கு ஸ்கோர்ம் என்று பெயர். பாடத்தை ஸ்கோர்ம் 1.2 ஆக வெளியிட்டால், படிப்பவர் எங்கே விட்டார், என்ன எழுதினார் என்பதைச் சேமிக்க 4096 எழுத்துகளுக்குத்தான் இடம். அந்தத் தரம் 2001ஆம் ஆண்டுக் காலத்தது. நாங்கள் எழுபது பக்கத்தை ஒரே பாடமாகக் கட்டி, இடையிடையே பந்தியாகப் பதில் எழுதவும் சொல்லியிருந்தோம். இடம் நிரம்பிவிட்டது. கிண்ணியாவில் ஒரு ஆசிரியை இரவு பதினொரு மணி வரை இருந்து ஐம்பதாம் பக்கம் வரை வந்தவர், காலையில் திறந்தால் பழையபடி முதலாம் பக்கம். போனுக்குக் காசு கொடுத்து ரீலோட் போட்டுப் படித்த மனிசி அவர். அழுதுகொண்டு போன் எடுத்தார், எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஸ்கோர்ம் 2004இன் மூன்றாம் பதிப்பில் 64,000 வரை இடமுண்டு. ஆனால் மூடில் 1.2ஐத்தான் முழுமையாக ஏற்கும். ஆகவே பாடத்தை நாலாக உடைத்தோம். அதற்குப் பிறகு அந்த முறைப்பாடு வரவில்லை.

வெளியாளிடம் வேலை கொடுத்தால், பிறகு திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் எழுதி வாங்கு. முந்தி ஒரு நிறுவனம் எங்களுக்கு ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்த பாடத்தின் வெளியிட்ட கோப்பை மட்டும் தந்தது. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷ் நின்றதும் அந்தப் பாடமும் போய்விட்டது. திருத்தி எடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை, பதிவு செய்த குரல்கூட இல்லை. இப்போது ஒவ்வொரு பாடத்தின் வசனத்தையும் குரலையும் படத்தையும் தனித்தனியாக எடுத்து வைக்கிறேன்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். உன் பாடத்தில் ஒரு பக்கத்தைச் செய்து கொண்டு வா. மூதூருக்குப் போய் அந்த ரீச்சரின் போனிலேயே திறந்து பார்ப்போம். அவரிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்திருக்கிறார்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் மச்சான்