மாத்திரையைக் கூட்டும் முன் இரத்தத்தில் அளவு பாருங்கள்

தேனி, இடுக்கி எல்லைப் பகுதியில் மனநல மருத்துவம் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் கம்பத்தில் வசிக்கிறேன். மனச்சிதைவு நோய்க்கு 11 ஆண்டுகளாகச் சிகிச்சை பெறும் என் தம்பிக்கு மற்ற மாத்திரைகள் கேட்காததால், 4 ஆண்டுகளாக க்ளோசபின் கொடுத்து வருகிறோம். அது ஒத்துக்கொண்ட நாட்களில் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வந்தவன் அவன்.

சென்ற மழைக்காலத்தில் மலைக்கு மேலே ஒரு மருத்துவமனையில் அவனைச் சேர்த்தோம். கையில் ஊசியை ஏற்றியபடியே செவிலியர் "வலிக்குமோ?" என்றார். புகைபிடிப்பது உண்டா என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். ஊசியைப் பற்றிக் கேட்பதாக நினைத்து இவன் "இல்ல" என்றான். நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பவன், புகைப்பழக்கம் இல்லாதவனாகப் பதிவேட்டில் ஏறினான்.

அங்கே பீடிக்கு இடமில்லை. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தது. பத்தாம் நாள் தலையணை நனைய எச்சில் வடிந்தது. தட்டி எழுப்பியும் கண் திறக்கவில்லை. புகையில் உள்ள பொருட்கள் க்ளோசபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன என்பதும், புகை நின்றால் அதே மாத்திரை இரத்தத்தில் ஒன்றரை மடங்காகக்கூட ஏறலாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. இது நிகோடினின் வேலை அன்று, புகையின் வேலை. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான ஓலன்சபினுக்கும் இது ஓரளவு பொருந்தும்.

பிறகு மாத்திரையைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பீடி திரும்பியது, மூன்று வாரத்தில் காதில் குரல்களும் திரும்பின. மாத்திரையை விழுங்காமல் துப்புகிறான் என்று சொன்னார்கள். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டே நகரும் எங்கள் அம்மாவுக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும் என்பதை எழுத வரவில்லை. கடைசியில் நாங்களே பணம் கட்டி இரத்தத்தில் க்ளோசபின் அளவைப் பார்த்தபோது, மில்லிலிட்டருக்கு 190 நானோகிராம் இருந்தது. பலன் தெரிய ஏறத்தாழ 350 வேண்டும் என்கிறார்கள். 600க்கு மேல் பக்கவிளைவுகள் கூடும், 1000ஐத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம் மிகும்.

எண் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 190 என்பது மாத்திரையைத் துப்பியவனின் எண்ணாகவும் இருக்கலாம், நிறையப் பீடி குடிப்பவனின் எண்ணாகவும் இருக்கலாம். காய்ச்சலோ நெஞ்சுச்சளியோ கண்ட வாரத்தில் அதே ஆளுக்கு அது மளமளவென ஏறவும் கூடும். ஆகவே பீடிக் கணக்கையும் வீட்டார் சொல்வதையும் இரத்த அறிக்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லா மருந்துக்கும் எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் எடுப்பவருக்கு இரத்தத்தில் அளவு பார்த்துத்தானே கூட்டுகிறீர்கள்? க்ளோசபினுக்கும் அந்த வழக்கம் வரட்டும் என்கிறேன்.

க்ளோசபின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், அவற்றை எண்ணுவதற்காக மாதந்தோறும் எப்படியும் இரத்தம் எடுக்கிறீர்கள். அதே குத்தில் இன்னொரு குழாய் நிரப்புவது பெரிய காரியமன்று. இரவு மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும், காலை மாத்திரையை அதுவரை நிறுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் ஜீப்பைப் பிடிக்க விடியலிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கு இதை முன்கூட்டியே தமிழில் சொல்லி அனுப்புங்கள். பதிவேட்டிலும் "பீடி, சிகரெட் குடிப்பீர்களா, நாளைக்கு எத்தனை?" என்று முழுதாகக் கேட்டு எழுதுங்கள்.

தம்பிக்கு அடுத்த சோதனை வரும் திங்கட்கிழமை. ஞாயிறு இரவு 9 மணிக்கு மாத்திரை கொடுத்து, காலை 9 மணிக்கு அழைத்து வருகிறேன். இரண்டாவது குழாயை எடுத்து வைத்திருங்கள்.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து ஓர் அண்ணன்